யாரை நம்பிச் சாப்பிடுகிறோம்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பாக்கெட்டில் அடைத்து வரும் எதையும் நம்பக்கூடாது, முகம் தெரிந்தவர் விளைவித்துக் கொடுப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். ஆறு வருடம் இந்தக் கருத்தில் உறுதியாக இருந்தேன். ஒரு கிண்ணம் முளைகட்டிய பயறுதான் அதை அசைத்தது.

அதை வளர்த்தவர் எனக்கு நன்றாகத் தெரிந்த விவசாயி. ரசாயன உரம் போடமாட்டார், பூச்சிமருந்து அடிக்கமாட்டார். அவர் பண்ணைக்குப் பலமுறை போயிருக்கிறேன். வழக்கம்போல வேகவைக்காமல் சாப்பிட்டேன். மறுநாள் ராத்திரி காய்ச்சல், வயிற்றுப்போக்கு. நான்கு நாள் எழுந்திருக்க முடியவில்லை. பரிசோதனையில் சால்மோனெல்லா என்ற கிருமி என்று வந்தது.

மருத்துவர் அதற்கு முந்தைய மூன்று நாட்களில் சாப்பிட்டதை எல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டார். பயறு என்றதும், "பச்சையாகவா?" என்றார். அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு அதிகம் என்றார். விதையின் வெடிப்பில் ஒட்டியிருக்கும் கிருமி கழுவினால் போகாது. பயறு முளைக்க வேண்டிய ஈரமும் இளஞ்சூடும்தான் கிருமிக்கும் வேண்டும், இரண்டே நாளில் கோடிக்கணக்கில் பெருகிவிடும். மருந்தடிக்காத பயறு என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமி பரவி 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய்மேல் பழி விழுந்து, வாங்க ஆளில்லாமல் அங்கே விவசாயிகள் டன் கணக்கில் கொட்டி அழித்தார்கள். கடைசியில் ஜெர்மனியிலேயே இருந்த ஒரு இயற்கைப் பண்ணையின் முளைகள்தான் காரணம் என்று தெரிந்தது. எகிப்திலிருந்து வந்த வெந்தய விதைவரை அந்தத் தடம் போனது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி ஆண்டுக்குச் சுமார் 60 கோடிப் பேர் கெட்டுப்போன, மாசுபட்ட உணவால் நோயில் விழுகிறார்கள். அதில் பெரும்பங்கு வயிற்றுப்போக்கு நோய்கள். இத்தனை வருடம் ரசாயனத்தைப் பற்றியே பயந்துகொண்டிருந்த நான் கிருமியை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

சரி, நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. தயங்கித் தயங்கித்தான் அந்த விவசாயிக்குப் போன் செய்தேன். ஒரு நிமிடம் பேசவே இல்லை. பிறகு, "இன்றைக்கே விற்பனையை நிறுத்துகிறேன். இந்த வாரம் வாங்கின எல்லாருக்கும் நானே சொல்கிறேன்" என்றார். சொன்னபடி செய்தார். அதற்குச் சில மாதம் முன்பு, ஒரு பாக்கெட் உணவில் பிளாஸ்டிக் துண்டு கிடந்ததைச் சொல்ல ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டிருந்தேன். "வேறு யாரும் புகார் செய்யவில்லையே" என்று மூன்று முறை சொன்னார்கள். பேட்ச் எண்ணைக்கூடக் கேட்கவில்லை. எனக்கு நோய் வந்தது அநேகமாக விவசாயியின் பயறில்தான். ஆனாலும் இன்று அவரை முன்பைவிட அதிகம் நம்புகிறேன். அந்த நிறுவனத்தின் பொருளைத் தொடுவதில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

மறுமொழி

நான் பதினொரு வருடம் உணவுத் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். நீங்கள் எழுதியதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு இடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் குளிரறையின் வெப்பநிலைப் பதிவேட்டைப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுத வேண்டும். ஒரு மாதம் முழுக்க எல்லாக் கட்டத்திலும் 4 டிகிரி. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ராத்திரி மூன்று மணிக்கும் அதே. கதவைத் திறந்து மூடுகிற எந்த அறையும் அப்படி இருக்காது. யாரோ உட்கார்ந்த இடத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மேலே சொல்லிப் பார்த்தேன், "ஆடிட்டுக்கு நன்றாகத்தானே இருக்கிறது" என்றார்கள். அங்கே நீடிக்கவில்லை.

அடுத்த இடத்தின் பதிவேடு பார்க்க அசிங்கமாக இருக்கும். அடித்தல், திருத்தல், பக்கத்தில் கையொப்பம். ஒரு நாள் 9 டிகிரிவரை ஏறியிருக்கிறது. கதவு ரப்பர் கிழிந்தது, எத்தனை பெட்டி அழிக்கப்பட்டது, யார் முடிவெடுத்தார்கள் எல்லாம் எழுதியிருந்தது. என் பிள்ளைகளுக்கு அந்தத் தொழிற்சாலைப் பொருளைத்தான் வாங்கிக் கொடுத்தேன்.

செய்து முடித்த பொருளைச் சோதித்தே பாதுகாப்பை உறுதி செய்துவிடலாம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். சோதித்த பாக்கெட்டை விற்க முடியாது, விற்கும் பாக்கெட்டைச் சோதித்திருக்க முடியாது. 1960-களில் நாசாவுக்காக விண்வெளி உணவு தயாரித்தவர்களுக்கு இதே சிக்கல்தான். அதனால் எந்தப் படியில் எது கெடலாம் என்று முன்பே கணித்து, அந்தப் படியையே கண்காணிக்கும் முறையை உருவாக்கினார்கள். ஹாசப் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அதற்கு உயிரே பதிவேடுதான். அதில் பொய் எழுதினால் மிச்சம் எதுவும் இல்லை.

அப்புறம் ஒன்று. ஒரு பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுகிறார்கள் என்று செய்தி வந்தால் வீட்டில் எல்லாரும் பதறுவார்கள். எனக்கு ஒரு நிம்மதி வரும், உள்ளே யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று.

மறுமொழி

என் மகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. லேபிளில் இரண்டு வரியை நம்பித்தான் அவள் உயிர் இருக்கிறது. ஒருமுறை ஒரு பிஸ்கட் பற்றிச் சந்தேகம் வந்து, அதைத் தயாரிக்கும் நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டேன். "அதே இயந்திரத்தில் கடலை பிஸ்கட்டும் ஓடுகிறது. கழுவித்தான் மாற்றுகிறோம், ஆனாலும் உறுதி கொடுக்க முடியாது. தயவுசெய்து குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்" என்று எதிர்முனையில் இருந்த பெண் சொன்னார். ஒரு வாடிக்கையாளரை இழந்து எனக்கு உண்மையைச் சொன்னார். அந்தக் குரலை மறக்கவே மாட்டேன்.

மறுமொழி

நான் காய்கறி விவசாயி, மருந்தடிப்பவன்தான். மருந்துக்கு மருந்து, கடைசியாக அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு, டப்பாவிலேயே போட்டிருக்கும். வாங்க வருபவர்கள் "இயற்கையா?" என்று கேட்பார்கள், "மருந்தடித்து எத்தனை நாள் ஆச்சு?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் நோட்டை எடுத்துக் காட்டுவேன். புழு கடித்த ஒரு காயைப் பார்த்தால் கூடையையே தள்ளிவிட்டுப் போகிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் எழுதியவர்

எல்லாருக்கும் நன்றி. நோட்டைக் கேட்கத் தோன்றவே இல்லை, இனிமேல் கேட்பேன்.

அந்தப் பயறு விவசாயி தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார், அதில் கிருமி இல்லை என்று வந்தது. விதை மூட்டை அதற்குள் தீர்ந்துவிட்டதால் சோதிக்க வழியில்லை. இப்போது ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்துத் தேதி எழுதித் தனியாக வைக்கிறார். முளைப்பயறு உறையில் "வேகவைத்து மட்டும் சாப்பிடவும்" என்று ஒட்டுகிறார். அந்த ஸ்டிக்கரைப் பார்த்துச் சிலர் வாங்குவதை நிறுத்திவிட்டார்களாம். எடுத்துவிடலாமா என்று போன வாரம் என்னிடம் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வழக்கத்தைவிட இரண்டு உறை அதிகமாக வாங்கி வந்தேன்.