பேர் போட்ட கோலி சோடா பாட்டில்: தேடிப் போன இடத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்

சாத்தூரான்

நாலு வருடம் ஆகிறது, இன்னும் மனதை அரிக்கிறது. பேர் போட்ட பாட்டில் என்றால் கம்பெனிக்காரர் பேரைக் கண்ணாடியிலேயே வார்த்தது, இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு சோடா கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று லாரிக்கார நண்பர் சொன்னார், மறுநாளே போய்விட்டேன். கம்பெனி என்றால் வீட்டு முன்பக்கத் தாழ்வாரம்தான். ஒரு மிஷின், கழுவுகிற தொட்டி, கேஸ் சிலிண்டர், சுவரோரம் பதினெட்டுப் பெட்டி. அண்ணாச்சிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பாட்டிலில் இருந்தது அவருடைய அப்பா பேர். கண்ணாடியிலேயே எழும்பி நிற்கிற எழுத்து, அதுவும் தமிழில்.

வந்த விஷயத்தைச் சொல்லாமல் சோடா ஒன்று கேட்டேன். அவர் மெதுவாக எழுந்து ஒரு பாட்டிலைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, மிஷின் கூண்டில் வைத்து, கைப்பிடியைச் சுற்றினார். பாட்டில் தலைகீழாகப் போனதும் கோலி கழுத்துக்கு உருண்டு வந்து வாசரில் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கட்டைவிரலால் ஒரே அமுக்கு, கோலி உள்ளே போயிற்று. நீட்டினார், குடித்தேன்.

குடித்து முடித்த பிறகு, "அண்ணாச்சி, பாட்டிலை நான் வச்சுக்கிறேன், நூறு ரூபாய் தர்றேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, நாங்க சோடாதான் வித்திருக்கோம். பாட்டிலை வித்ததே இல்ல. குடிச்சாச்சுன்னா கொடுத்துட்டுப் போங்க" என்றார். கொடுத்தேன். வாங்கி, அந்த எழுத்தின் மேல் விரலை ஒரு தடவை ஓட்டிவிட்டுப் பெட்டியில் செருகினார்.

ஆறு மாதம் கழித்துப் போனால் கதவு பூட்டிக் கிடக்கிறது. பதினெட்டுப் பெட்டியும் எடைக்குப் போய்விட்டது என்றார்கள். அந்தப் பக்கத்துக் காயலாங்கடைகளில் யாராவது பார்த்தீர்களா?

சோடாக்கடைப் பேத்தி

காயலாங்கடையில் தேடாதீர்கள், கிடைக்காது. ஏன் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தாத்தாவும் சோடா கம்பெனி வைத்திருந்தவர்தான். பாட்டில்தான் எங்கள் முதலீடு. ஒரு பாட்டில் உடைந்தால் ஒரு பெட்டி சோடாவின் லாபம் போச்சு என்பார். ஊரில் கூட்டம், தகராறு என்று பேச்சு வந்தாலே கடைகளுக்கு ஓடிப்போய்ப் பெட்டிகளை எண்ணி எடுத்து வந்துவிடுவார். வீசுவதற்கு முதலில் கையில் எடுப்பது சோடா பாட்டிலைத்தானே. நீங்கள் நூறு ரூபாய் என்று சொன்னதை அந்த அண்ணாச்சி விலையாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். ஆயுசு முழுக்கத் திருப்பிக் கேட்டே வாங்கிய பொருள் அது. வந்த விஷயத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் உட்காரவைத்துப் பேசியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் எடை போட்ட அன்று நான் எட்டாம் வகுப்பு. வந்த ஆள் முழுப் பாட்டிலாக ஏற்றவில்லை. முழுசாக ஏற்றினால் வண்டியில் இடம் அடைக்கும். வாசலில் ஒரு டிரம்மை வைத்து, ஒவ்வொன்றாக அதற்குள் அடித்து உடைத்தார். தெருப் பிள்ளைகள் எல்லாம் கோலி பொறுக்க ஓடி வந்துவிட்டார்கள். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் கிரைண்டரைப் போட்டார். வெளியே உடைத்து முடிக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய்ப் பார்த்தேன், உள்ளே மாவே இல்லை.

என்னிடம் ஏழு கோலி இருக்கிறது. பாட்டில் ஒன்றுகூட இல்லை.

சேலம் கண்ணாடிப்பெட்டி

என் அனுபவம் சின்னது. ஒரு பழம்பொருள் சந்தையில் 'வெள்ளைக்காரன் காலத்துக் கோலி பாட்டில்' என்று நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து கழுவினால் அடிப்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை, புத்தம் புதுசு. அந்த ராத்திரி தூக்கமே வரவில்லை.

மற்றவர்கள் ஏமாறக்கூடாது என்று விவரமாகவே எழுதுகிறேன். கோலி அடைப்பை உருவாக்கியவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். 1872-ல் அந்தக் கழுத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் உள்வாங்கியிருக்கிறதே, அது அழகுக்காக வைத்தது இல்லை. சாய்த்துக் குடிக்கும்போது கோலி திரும்பி வந்து வாயை அடைக்காமல் பிடித்துக்கொள்ள. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்துச் சாஸ்னியில் சமீப காலம் வரைக்கும் இந்தப் பாட்டிலைச் செய்தார்கள், தெற்கே வந்ததில் நிறைய அங்கிருந்து வந்ததுதான். அதனால் கோலி இருக்கிறது என்பதற்காகவே அதை நூறு வருடத்துப் பாட்டில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் தேய்மானத்தைப் பாருங்கள். பெட்டியில் ஒன்றோடொன்று உரசி ஓடின பாட்டிலில் தோள்பட்டையிலும் அடிப்பக்கத்திலும் வெளுத்த வளையம் விழுந்திருக்கும். அதே மாதிரி ஒரே நாளில் போடுவது கஷ்டம். கோலி இல்லாத, கலர் சோடா அடைக்கிற பாட்டில் என்றால் பக்கவாட்டில் ஓடும் அச்சுக் கோட்டைப் பாருங்கள். வாய்விளிம்பு வரைக்கும் ஏறியிருந்தால் மிஷினில் செய்தது. விளிம்புக்குக் கீழேயே நின்றுவிட்டால் வாயைக் கையால் முடித்த பழைய பாட்டிலாக இருக்க வாய்ப்பு அதிகம். விளிம்பு நெளிந்த தகர மூடி அடிக்கிற வாய் என்றால் 1892-க்கு முன்னால் போகவே போகாது, அந்த மூடிக்கே அப்போதுதான் காப்புரிமை கிடைத்தது.

கழுவுவதற்கு வினிகரில் ஒரு நாள் ஊறவிட்டால் உப்புப் படிவு போய்விடும். ஆசிட் வேண்டாம், எழுத்தின் மேல் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். மண்ணில் புதைந்து கிடந்த பாட்டில் பால் மாதிரி வெளுத்திருந்தால் அது அழுக்கு இல்லை, கண்ணாடியே அரித்துப்போனது, எதைப் போட்டாலும் போகாது. குளிர்ந்த பாட்டிலில் வெந்நீர் ஊற்றாதீர்கள். முக்கியமாக, பழைய பாட்டிலில் மறுபடி கேஸ் ஏற்ற ஆசைப்படாதீர்கள். வெடித்தால் கண் போய்விடும். கண்ணாடி போட்ட அலமாரியில் வைத்துவிடுங்கள், அதுதான் அதற்கு மரியாதை.

மதுரை வடக்குமாசி

சேலம்காரர் சொன்ன கடைசி இரண்டு வரியைத் தவிர மற்றது எல்லாம் சரி. அலமாரியில் வைப்பதுதான் மரியாதை என்றால் என் மாமா ஒத்துக்கொள்ள மாட்டார்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம், அப்புறம் மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்கு பார்த்தாலும் காளிமார்க் போவண்டோ பேச்சுதான். காளிமார்க் கம்பெனி விருதுநகரில் 1916-ல் பழனியப்ப நாடார் தொடங்கியது, நூறு வருடத்தைத் தாண்டிவிட்டது என்று அப்போதுதான் பல பேருக்குத் தெரிந்தது. கோலி சோடாவுக்கும் கிராக்கி வந்தது. ஓட்டமில்லாமல் கிடந்த மாமாவின் கம்பெனியில் மறுபடி மிஷின் சுற்றியது. பாட்டில்தான் போதவில்லை.

என்னிடம் அவருடைய கம்பெனிப் பாட்டிலே பன்னிரண்டு இருந்தது. அங்கே இங்கே அலைந்து காசு கொடுத்துச் சேர்த்தது. ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மாமா நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் காதருகே பிடித்து ஒரு காசால் தட்டினார். 'டங்' என்று கேட்டால் வலது பக்கம், செத்த சத்தம் வந்தால் இடது பக்கம். எட்டு தேறியது. விரிசல் இருந்த நாலையும் என் கையில் கொடுத்து, "இது உனக்கு, அது கம்பெனிக்கு" என்றார்.

அந்த எட்டில் இரண்டு கோடை முடிவதற்குள் உடைந்துபோயிற்று. வலித்தது. ஆனாலும் இன்னொரு தடவை கேட்டால் கொடுப்பேன். வெடிக்கும் என்ற பயம் நியாயம்தான், கம்பி வலை போடாமல் மாமா யாரையும் மிஷின் பக்கம் விட்டதில்லை. கேட்கத் தெரிந்த காது இருந்தவரைக்கும் அந்தப் பாட்டில்கள் ஓடியது என்றுதான் சொல்ல வருகிறேன்.

சேலம் கண்ணாடிப்பெட்டி

உங்கள் மாமாவுக்கு அந்தக் காது இருக்கிறது. இதைப் படிக்கிற எல்லாருக்கும் இருக்குமா? அதனால்தான் கேஸ் ஏற்ற வேண்டாம் என்கிறேன். அதில் நான் மாற மாட்டேன்.

பேத்தி அம்மா, அந்த ஏழு கோலியையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், ஒன்றோடொன்று இடித்துச் சில்லு பெயரும். பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள்.

சோடாக்கடைப் பேத்தி

அவை டப்பாவில் இல்லை. ஆச்சியின் சுருக்குப்பையில் இருக்கின்றன. அப்படியே இருக்கட்டும்.

சாத்தூரான்

கிரைண்டர் விஷயத்தைப் படித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இனி காயலாங்கடையில் தேடப் போவதில்லை.

அன்றைக்கு அண்ணாச்சி பாட்டிலைக் கழுவும்போது போனில் ஒரு படம் எடுத்திருந்தேன், அவருக்குத் தெரியாமல். நேற்று பெரிதாக்கிப் பார்த்தேன். தொட்டித் தண்ணீர் வடிகிறது, அவர் கைக்கு நடுவே அப்பா பேரின் முதல் நாலு எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறது. பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன். அவர் மகள் வீடு திருச்சுழியில் என்று லாரிக்கார நண்பர் விசாரித்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை போகிறேன்.