1972 ஏப்ரல் 27 பொன் (Bonn) நகர நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பு: ஜெர்மன் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. மேற்கு ஜெர்மனியின் ஆறாவது பூண்டஸ்டாக் (நாடாளுமன்றம், 1969–1972) பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதியில் நிற்கிறது. 1969-ல் வில்லி பிராண்ட் 251 வாக்கில் சான்சலரானார் (அரசின் தலைவர்), தேவை 249. கிழக்கு ஐரோப்பிய நாடுகளோடு உறவைச் சீராக்கும் அவருடைய ‘கிழக்குக் கொள்கை’ பிடிக்காமல் சிலர் கட்சி மாறியதும் அந்தச் சின்னப் பெரும்பான்மை கரைந்துபோனது. அதன்பின் 1972 ஏப்ரல் 27 அன்று பிராண்டை நீக்கித் தானே சான்சலராக எதிர்க்கட்சித் தலைவர் ரைனர் பார்ட்செல் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு 247 வாக்குதான் கிடைத்தது, இரண்டே இரண்டு குறைவு! ஆளும் தரப்பினர் பெரும்பாலும் வாக்களிக்கவே எழுந்து போகவில்லை. மொத்தம் விழுந்ததே 260 வாக்கு. மறுநாள் பட்ஜெட் வாக்கெடுப்பில் 247க்கு 247 என்று சமமாக முடிந்தது. பார்ட்செலுக்கு வாக்களிக்காமல் இருக்கப் பணம் வாங்கியதாக எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அடுத்த ஆண்டு அவரே சொன்னார்.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பு பூண்டஸ்டாக் தளத்தில் பிடிஎஃப்பாக இருக்கிறது. பக்கத்துக்கு இரண்டு நெடுவரிசைகளில் நெருக்கமான எழுத்து, நடுவே அடைப்புக்குறிக்குள் கைதட்டல், குறுக்குக் கூச்சல் எல்லாம் பதிவாகியிருக்கிறது. மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் யார் குறுக்கே பேசினார்கள் என்பதே குழம்பிவிடுகிறது. முடிவு அறிவிக்கும் பக்கத்தை மட்டும் யாராவது என்னோடு உட்கார்ந்து வாசித்துச் சொன்னால் போதும்.

அப்புறம் இன்னொன்று. புதிய சான்சலரைத் தேர்ந்தெடுத்தால்தான் பழையவரை நீக்க முடியும் என்ற அவர்களுடைய முறைக்கு ‘ஆக்கபூர்வ நம்பிக்கையில்லாத் தீர்மானம்’ என்று எழுதியிருக்கிறேன். இது வாசிப்பவருக்கு உடனே புரியுமா? ‘மாற்றுத் தலைவரோடு வரும் தீர்மானம்’ என்று விரித்து எழுதுவதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது, அரசியல் பாடம் நடத்துபவர்கள் வகுப்பில் என்ன சொல் பயன்படுத்துகிறீர்கள் என்று சொல்லுங்கள்.