புதுப்பிப்பு: பிட்ஸ்பர்க் – கம்பர்லாந்து, ஓட்டி முடித்தாயிற்று

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கையும் கம்பர்லாந்தையும் இணைக்கும் கிரேட் அலெகெனி சைக்கிள் பாதையை எந்தத் திசையில் ஓட்டலாம், 35 மி.மீ. அகல டயர் தாங்குமா என்று ஆகஸ்டில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அக்டோபர் நடுவில் ஐந்து நாளில் 240 கி.மீ. முடித்தேன்.

டயர் தாராளமாகப் போதும். பொடித்த சுண்ணாம்புக்கல் பாதை காய்ந்திருந்தால் கெட்டியாக இருக்கிறது. ஆனால் மழை பெய்த மறுநாள் அந்தச் சாந்து செயினில் அப்பிக்கொண்டது. பழைய துணியும் செயின் எண்ணெயும் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

திசைக்கு என் பதில்: பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்புங்கள். பழைய ரயில் தடம் என்பதால் ஏற்றம் இருப்பதே தெரியாது. ஒஹையோபைல் பக்கம் கீழே ஆறு இரைகிறது, இருபுறமும் காடு மஞ்சளும் சிவப்புமாக. மணிக்கணக்கில் ஒரு கார் சத்தம் கூட இல்லை. நம் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு பாதை வாய்க்க வேண்டும் என்று வழியெல்லாம் ஏங்கினேன். கன்ஃபுளூயன்ஸ் என்றால் ஆறுகள் கூடுமிடம்; அந்த ஊர் பெயருக்கேற்ற கூடுதுறை. அங்கிருந்து காசல்மன் ஆறு துணைக்கு வருகிறது.

729 மீட்டர் உயரத்தில் நீர்ப்பிரி மேடு, அதாவது மழைநீர் இரு பக்கமாகப் பிரிந்து ஓடும் இடம். அதைத் தாண்டியதும் ஒரு கி.மீ. நீளமுள்ள பிக் சாவேஜ் சுரங்கம். உள்ளே விளக்கு உண்டு, குளிரும் உண்டு. வெளியே வந்ததும் மலைகள் அடுக்கடுக்காக விரிந்தன; அரைமணி நேரம் நகரவே மனமில்லை. பிறகு கம்பர்லாந்து வரை இறக்கம்தான்.

குளிர்காலத்தில் சுரங்கத்தை மூடிவிடுவார்கள். அதைப் பார்த்துத் தேதி குறியுங்கள்.