79 வயசு அம்மாவோட 22 பேர், ஸ்னோ மலையில கொட்டேஜ்: புளூ மவுண்டனா, ட்ரெம்ப்ளானா?

ஸ்காபரோ மூத்தவள்:

எல்லாருக்கும் வணக்கம். வாற மார்கழி லீவுக்கு எங்கட குடும்பம் முழுக்க ஒண்டா சேரப்போறம். 95 யாழ்ப்பாண இடப்பெயர்வோட சிதறின அஞ்சு சகோதரங்கள், ஒராள் பாரிஸ், ஒராள் லண்டன், மிச்சம் மூண்டு பேரும் இஞ்ச கனடாவில, அதுக்குப் பிறகு அஞ்சு பேரும் ஒரே கூரைக்குக் கீழ படுத்தெழும்பினதே இல்லை, கலியாணவீடு எண்டால் மண்டபத்தில கண்டு கதைச்சிட்டு அடுத்தநாள் பிளேன் ஏறுறதுதான். பேரப்பிள்ளையள் 11 பேர். பாரிஸ் பிள்ளையளுக்கு பிரெஞ்சு, இஞ்சத்தயதுகளுக்கு இங்கிலீஷ், ரெண்டு பக்கத்துக்கும் பொது எண்டால் அரைகுறைத் தமிழ்தான்.

அம்மாவுக்கு 79. பிள்ளையளைப் பாக்க வாற தாய் தேப்பனுக்குக் குடுக்கிற சுப்பர் விசாவில வந்து நிக்கிறா. முழங்கால் வருத்தம், சுகர், இன்சுலின் போடுறவ. ஊரில மார்கழிப் பனிக்கே தலையில துவாய் கட்டுற ஆள். தம்பி பிரெஞ்சு கதைக்கிற கியூபெக்கில இருக்கிற ட்ரெம்ப்ளான் ஸ்கீ மலை எண்டு நிக்கிறான், பாரிஸ் பிள்ளையளுக்கு பாஷை லேசு எண்டு. தங்கச்சி இஞ்ச ஒன்டாரியோவில இருக்கிற புளூ மவுண்டன் எண்டுறா, கிட்ட எண்டு. இன்னொரு ஆள் அம்மாவை ஆரிட்டையும் விட்டிட்டுப் போவம் எண்டு சொல்லுது, எனக்கு மனம் கேக்குதே இல்லை. ஆனா எல்லாரும் ஸ்கீ எண்டு ஓட அம்மா ஒரு அறைக்குள்ள யன்னலைப் பாத்துக்கொண்டு இருந்தாலும் என்னால தாங்கேலாது. அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

பரி பக்கத்து ஆள்:

அக்கா, புளூ மவுண்டன். ரொறன்ரோவிலயிருந்து 400 ஹைவேயில ஏறி பரி வந்து 26ஆம் ஹைவேயைப் பிடிச்சா ரெண்டு, ரெண்டரை மணித்தியாலம். ட்ரெம்ப்ளான் 600 கிலோமீற்றருக்குக் கிட்ட, முழங்கால் மடக்கி அவ்வளவு நேரம் இருக்க அம்மாவால ஏலாது. மலை எண்டு பாத்தா ட்ரெம்ப்ளான்தான் பெரிசு, அங்க சறுக்கிற உயரம் 645 மீற்றர், இஞ்ச 220 சொச்சம்தான், ஆனா முதல்முதல் ஸ்கீ போடுற பிள்ளையளுக்கு அதுவே காணும்.

ஒண்டு கவனம், ஜோர்ஜியன் பே பக்கத்தில கிடக்கிறதால வாவித் தண்ணியில ஈரத்தை அள்ளிக்கொண்டு வாற காத்து திடீரெண்டு ஸ்னோவாக் கொட்டும், ரொறன்ரோவில வெயில் எறிக்கேக்கை 26 பூட்டிக் கிடந்ததை நான் கண்டிருக்கிறன். ரோட்டு நிலவரம் சொல்லுற 511ஐப் பாத்திட்டு வெளிக்கிடுங்கோ. அஞ்சு மணிக்கு முன்னமே இருட்டிடும், காலமை வெளிக்கிடுறதுதான் நல்லம். மற்றது, அங்க வாடகைக்கு விடுற வீட்டுக்கு ரவுனின்ர லைசென்ஸ் வேணும், எத்தினை பேர் தங்கலாம் எண்ட கணக்கும் இருக்கு. 22 பேர் ஒரு வீட்டுக்க கஷ்டம், பக்கத்துப் பக்கத்து வீடு ரெண்டு எடுங்கோ. கனக்க வீடுகளில வியூவுக்காக ஹோலும் குசினியும் மேல்மாடியில, படுக்கிற அறை கீழ. அம்மாவின்ர அறை, பாத்ரூம், குசினி மூண்டும் ஒரே தட்டில இருக்கோ எண்டு கேட்டிட்டுத்தான் காசு கட்டோணும்.

மாண்ட்ரியல் தஞ்சாவூர்க்காரன்:

நான் ட்ரெம்ப்ளான் பக்கம்தான் பேசுவேன், ஏன்னா எங்கம்மாவ ரெண்டு வருஷம் முன்னாடி அங்க கூட்டிட்டுப் போனேன். ஸ்கீ போடாதவங்களும் டிக்கெட் எடுத்து கண்ணாடி மூடின கொண்டோலாவுல, அதாவது ரோப் கார்ல, உச்சி வரைக்கும் போகலாம், 875 மீட்டர். மேல இறங்கி கையுறைய கழட்டி ஸ்னோவ தொட்டுப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல எங்கம்மா. அத நான் மறக்க மாட்டேன். உங்க பாரிஸ் தம்பி குடும்பம் நேரா மாண்ட்ரியல்ல இறங்கினா அங்கேர்ந்து 130 கிலோமீட்டர்தான்.

ஆனா நீங்க டொராண்டோலேர்ந்து கார்ல வர்றதா இருந்தா விண்டர் டயர் இல்லாம வராதீங்க. கியூபெக் ப்ளேட் வண்டிக்கு டிசம்பர் 1லேர்ந்து மார்ச் 15 வரைக்கும் அது சட்டம், ஒன்டாரியோ ப்ளேட்டுக்கு இல்ல, அதுக்காக ரோடு ஆள் பாத்து வழுக்காது. இன்னொண்ணு, ஒன்டாரியோ ஹெல்த் கார்ட இங்க நிறைய டாக்டருங்க வாங்கிக்க மாட்டாங்க, கையிலேர்ந்து கட்டிட்டு அப்புறம் க்ளெய்ம் பண்ணணும். அம்மாவுக்கு எடுத்திருக்கற இன்சூரன்ஸ் என்னென்ன கவர் பண்ணுதுன்னும் ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க.

நேர்ஸ் அக்கா:

எங்க போனாலும் இதைக் கேளுங்கோ பிள்ளை. இன்சுலினை காருக்க விடாதேங்கோ, உறைஞ்சால் பிறகு இளகினாலும் பாவிக்கக் கூடாது. பேக்கில போட்டு உடம்போட ஒட்டிக் கொண்டுபோங்கோ. கனகாலச் சுகர்காரருக்கு காலில உணர்ச்சி குறைவு, விறைக்கிறதும் தெரியாது, சுடுறதும் தெரியாது, நெருப்படியில காலை நீட்டிக்கொண்டு இருக்க விடக்கூடாது. காத்தோட சேத்து குளிர் மைனஸ் 28க்குக் கீழ போனால் மூடாத தோல் 10இலயிருந்து 30 நிமிசத்துக்குள்ள உறைஞ்சிடும், அப்பிடியான நாளில அம்மா உள்ளுக்கதான். என்ர மாமி ஒரு லொட்ஜில உப்புப் போடாத படியில சறுக்கி இடுப்பு உடைஞ்சு மூண்டு மாசம் படுக்கை, அதால சொல்லுறன், சப்பாத்துக்குக் கீழ கொழுவுற முள்ளு ஒரு சோடி வாங்குங்கோ, விலை பெரிசில்லை. புளூ மவுண்டன் எண்டால் கொலிங்வூட் ஆஸ்பத்திரி கிட்ட. அது எனக்குப் பெரிய நிம்மதி.

மிசிசாகா மருமகள்:

நாங்கள் முதல் வருசம் விட்ட பிழை, நாலுநாளும் நிமிசத்துக்கு நிமிசம் பிளான் போட்டு எல்லாரும் வெளிய, மாமி தனிய குசினியில. ரெண்டாம் வருசம் ஒருநாள் முழுக்க ஒருத்தரும் மலைக்குப் போறேல்லை எண்டு வைச்சம், அண்டைக்கு மாமி ஒடியல் கூழ், காயவைச்ச பனங்கிழங்கு மாவில காய்ச்சுறது. நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் இஞ்சயிருந்தே பெட்டியில போச்சு. ஒடியல்மாவை ஏன் ஊறப்போட்டு வடிக்கிறது எண்டு கேட்ட பிள்ளைக்கு மாமி பனங்கிழங்கில தொடங்கி தங்கட வளவு, கிணறு, பங்கர் எண்டு கதைச்சுக்கொண்டே போனா, நான் 14 வருசமா அந்த வீட்டு மருமகள், அதில பாதி எனக்கே தெரியாது. வெளிய ஸ்னோ கொட்டுது, உள்ளுக்க பேப்பர் கப்பில கூழ். மீன் மட்டும் பொரிக்காதேங்கோ, அலாரம் அடிச்சு எல்லாரும் சறத்தோட வெளிய நிண்டம். அப்பிடியான கொட்டேஜ் கனக்கத்துக்கு கழிவுத்தண்ணி போறது வளவுக்க தாட்ட செப்ரிக் ராங்குக்கு, எண்ணெயை சிங்கில ஊத்தக்கூடாது.

ஸ்காபரோ மூத்தவள்:

எல்லாருக்கும் நன்றி. வாசிச்சு அழுதிட்டன். தம்பியோட கதைச்சு புளூ மவுண்டன் எண்டு முடிவு, பக்கத்து வீடு ரெண்டு கேட்டிருக்கு, அறையும் குசினியும் ஒரே தட்டு. கொண்டோலாவில அம்மாவை ஏத்த தம்பிக்கு இப்ப ஆசை வந்திட்டுது, அது கோடைக்கு யோசிப்பம். அம்மாட்ட கூழ் எண்டு சொன்னவுடன அவ கேட்டது ஒண்டுதான், அங்க சட்டி எவ்வளவு பெரிசு எண்டு. 22 பேருக்குக் காணுற சட்டி ஸ்காபரோவில ஆரிட்டையும் இருந்தா சொல்லுங்கோ, வந்து எடுக்கிறன்.