தாத்தா அன்னிக்கு கையெழுத்து போட்டிருந்தா...

எல்லாருக்கும் வணக்கம்,

பாரிஸ் பசங்க ரெண்டு நாளா கிண்டல் பண்ணிட்டிருக்கீங்க, உங்க தாத்தா 62ல பிரெஞ்சு குடியுரிமையே வேணும்னு ஆப்ஷன் கையெழுத்து போட்டிருந்தா நீயும் மஸ்கட் வெயில்ல காயாம இங்க வந்திருக்கலாமேன்னு. சரி, அவர் கதைய கொஞ்சம் கேளுங்க.

பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரங்க கையில இருந்தப்ப அங்க முதலியார்பேட்டைல பொறந்தவரு, ரோடியர் மில்லுல தறி ஓட்டினாரு. சின்னப் பையனா உள்ள போன புதுசுலயே 1936 ஜூலை 30 வந்திருச்சு, சவானா மில்லுல பிரெஞ்சு சர்க்கார் சுட்டு 12 தொழிலாளிங்க செத்தாங்க. அதுக்கப்புறம்தான் 1937 ஏப்ரல்ல தொழிலாளர் சட்டம், எட்டு மணி நேர வேலை எல்லாம். சுதந்திரம், இணைப்புன்னு எதப் பத்தி கேட்டாலும் தாத்தா இங்கதான் வந்து நிப்பாரு, "வெளிச்சம் இருக்கும்போதே வூட்டுக்கு வந்தோம்டா"ன்னு. அந்தத் தொழிலாளிங்கள திரட்டின வ. சுப்பையாவ பேர் சொல்ல மாட்டாரு, தலைவரும்பாரு.

1954 அக்டோபர் 18 கீழூர் ஓட்டெடுப்பு நம்மூர்ல எல்லாருக்கும் தெரியும். ஓட்டு போட்டது 178 பேர், எல்லாம் சட்டசபை, முனிசிபல் மெம்பருங்க. 170 பேர் இந்தியாவோட சேரணும்னாங்க, 8 பேர் வேணாம்னாங்க. மில்லுக்காரங்கள யாரு கேட்டா? ஷிப்டு முடிஞ்சு வெளிய வந்துதான் இவருக்கு சேதியே தெரியும்.

1962 ஆகஸ்ட் 16 பிரான்ஸ்கிட்டருந்து இந்தியாவுக்கு சட்டப்படி ஊரு கைமாறினப்பதான் முதல் தடவையா அவர தனியா ஒரு கேள்வி கேட்டாங்க. பிரெஞ்சு குடியுரிமையே இருக்கட்டும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும், எழுதாதவங்க இந்தியர். இப்ப பாக்க லாட்டரி சீட்ட கிழிச்சுப் போட்ட மாதிரி தெரியுது, ஆனா அப்ப கையெழுத்து போட்டா கப்பல்ல ஏத்திருவாங்க, பசங்கள பட்டாளத்துக்கு புடிச்சிருவாங்கன்னு தெருவெல்லாம் பேச்சு, இதுல சொல்தாவா, அதான் பிரெஞ்சு பட்டாள சிப்பாயா, சைகோன் போயி கால் போயி திரும்பின அவரோட அண்ணன் வேற திண்ணைலயே உக்காந்திருக்காரு. அந்த அண்ணன் கையெழுத்து போட்டாரு, பென்ஷன் பிரான்ஸ்லருந்துதான வரணும். அவரோட பேரப்பசங்கதான் நீங்க!

தாத்தாவுக்கு சம்பளம் குடுத்தது மில்லு, மில்லு இருந்தது முதலியார்பேட்டைல. அவர் கணக்கு அவ்ளோதான், எனக்கு அதுல ஒண்ணும் தப்பு தெரியல. அந்த மில்லும் 2011 தானே புயல்ல அடி வாங்கி, 2020 ஏப்ரலோட மூடியாச்சு, அதப் பாக்க அவரு இல்ல.

பெரிய தாத்தாவோட ஆப்ஷன் பேப்பர் உங்க வீட்டுல இருந்தா ஸ்கேன் பண்ணி போடுங்கப்பா. அதுல இருக்கறது கையெழுத்தா கைநாட்டான்னு எங்கப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இன்னும் சண்டை ஓடுது.