இடது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அவசரமாக உதவி தேவை

ஒற்றைக்குழல்: பழைய ட்வின் (இரண்டு சிலிண்டர்) பைக். இடது சிலிண்டர் அடிக்க மாட்டேன் என்கிறது. பிளக் புதுசு, கார்புரேட்டரும் கழற்றிக் கழுவியாயிற்று. நாளை காலை வண்டி எடுத்தே ஆக வேண்டும். வேறு என்ன பார்க்கலாம்?

கரிப்புகை: எந்த வருட மாடல்? பிளக்கில் பொறி வரவைப்பது பாயிண்ட்டா (திறந்து மூடும் தொடுமுனை), எலக்ட்ரானிக் இக்னிஷனா? கார்புரேட்டர் ஒன்றா, இரண்டா? எந்நேரமும் மிஸ் ஆகிறதா, ஸ்லோ ஸ்பீடில் மட்டுமா? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

ஸ்பேனர்பெட்டி: கண்டென்சர்தான், பாயிண்ட்டில் பொறி தெறிக்காமல் காப்பது. பழைய வண்டியில் ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் நான் முதலில் கை வைப்பது அதில்தான். பாயிண்ட் மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட விடுங்கள். இடது பாயிண்ட்டில் பொறி பளிச்பளிச்சென்று தெறித்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒற்றைக்குழல்: 1971 மாடல், 350 சிசி. பாயிண்ட்தான். கார்புரேட்டர், காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) எல்லாம் இரண்டிரண்டு. பிளக் கறுப்பாக இருக்கிறது.

ஜெட்துளை: கறுப்பு என்றால் ஈரமா, காய்ந்த கரியா? பிளக்கைக் கழற்றியதும் பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தால், பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. காய்ந்து வெளுத்திருந்தால் பெட்ரோலே போதவில்லை, அப்போது பைலட் ஜெட், அதாவது ஸ்லோவில் பெட்ரோல் விடும் சிறுதுளை, அடைத்திருக்கும். கழுவியதாகச் சொல்கிறீர்கள், சரி. ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தீர்களா? மறுபக்கம் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் பிசின் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழுத்தகை: தம்பி, இப்படி ஆளுக்கொரு பொருளைச் சொல்லி வாங்க வைப்பதை நான் இங்கே பல வருடமாகப் பார்த்து வருகிறேன். வரிசை ஒன்று உண்டு: முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்), அப்புறம் ஸ்பார்க், கடைசியில் கார்புரேட்டர். நீங்கள் கடைசியில் இருந்து தொடங்கியிருக்கிறீர்கள். டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே உள்ளது) பார்த்தீர்களா? அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

இருசக்கரன்: எளிய வழி, இரண்டு பிளக் வயரையும் இடம் மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங் வலது பக்கம் போனால் காயில் கெட்டது.

பழுத்தகை: இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி இறங்கும் 360 டிகிரி கிராங்க் உள்ள வண்டியில்தான் அது நடக்கும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும் 180 டிகிரி என்றால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, கார்புரேட்டர் வழியாக வெடிக்கும்.

கரிப்புகை: 360 டிகிரியிலும் எல்லாவற்றிலும் நடக்காது ஐயா. அறுபதுகளின் டிரையம்ப், பிஎஸ்ஏ ட்வின்கள் பலவற்றில் கிராங்க் 360 டிகிரிதான், ஆனால் காயிலும் பாயிண்ட்டும் தனித்தனி. வயரை மட்டும் மாற்றினால் அங்கேயும் ஓடாது. இரண்டு பிளக்குக்கும் சேர்த்து இரட்டை முனைக் காயில் ஒன்றே இருந்தால்தான் மாற்றியும் ஓடும்.

பழுத்தகை: நான் சொன்னதும் அந்த மாதிரி வண்டிகளைத்தான்.

இருசக்கரன்: நீங்கள் கிராங்க் என்று மட்டும்தானே சொன்னீர்கள்? படிப்பவர்கள் குழம்ப மாட்டார்களா?

ஜெட்துளை: அவர் காயில் இரண்டு என்று சொல்லிவிட்டாரே, இந்தச் சண்டை எதற்கு? பிளக் வயரோடு சேர்த்துப் பாயிண்ட்டில் இருந்து காயிலுக்குப் போகும் வயரையும் இடம் மாற்றினால் போதும். மிஸ்ஸிங் வலதுக்குப் போனால் காயில், வயர், பிளக் கேப் மூன்றில் ஒன்று. இடதிலேயே நின்றால் அவை தப்பித்தன.

ஒற்றைக்குழல்: பிளக் ஈரம்தான். காயில் மாற்றிப் பார்த்தேன், இடதேதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டும் ஒழுங்காக அடிக்கிறது, சூடேறிய பிறகு ஸ்லோவில் இடது விழுகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் மறுபடி பிடித்துக்கொள்கிறது.

ஸ்பேனர்பெட்டி: சூடானால் விழுகிறதா? கண்டென்சர். முதல் பதிலிலேயே சொன்னேன்.

கரிப்புகை: சூடானால் விழுகிறது என்பதுதான் இதில் முக்கியமான தகவல். கண்டென்சரும் சூட்டில் மக்கர் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் ஆக்சிலேட்டரில் பிடிக்கிறது என்பதால் எனக்கு எக்ஸாஸ்ட் வால்வு மேல்தான் சந்தேகம். டேப்பெட் இறுகியிருந்தால், சூட்டில் வால்வு தண்டு நீண்டு வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். ஸ்லோவில் கம்ப்ரஷன் கசியப் போதிய நேரம் கிடைக்கும். வேகம் கூடினால் அந்த நேரம் குறையும், அதனால் அடிக்கும். சூட்டோடு இரண்டு பக்கமும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். இடது குறைவாகக் காட்டினால் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் கசிவது பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. டேப்பெட்டை மட்டும் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே தொடுங்கள்.

பழுத்தகை: டேப்பெட் என்று நான் எப்போதோ சொல்லிவிட்டேன்.

ஒற்றைக்குழல்: இடது எக்ஸாஸ்ட்டில் இடைவெளியே இல்லை. மேனுவலில் உள்ளபடி 0.10 மி.மீ. வைத்தேன். சூட்டிலும் இரண்டும் அடிக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

கரிப்புகை: நல்லது. ஆனால் இடைவெளி இல்லாமலே எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்? மூடாத வால்வு சூட்டைத் தான் அமரும் சீட்டுக்குக் கடத்த முடியாமல் விளிம்பு எரிந்துபோகும். இப்போது கம்ப்ரஷன் இரண்டு பக்கமும் எவ்வளவு காட்டுகிறது? நீண்ட பயணம் என்றால் அதைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

ஜெட்துளை: கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு அந்த இடைவெளியை இன்னொரு முறை அளந்து பாருங்கள். மறுபடி குறைந்திருந்தால் வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது, ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

கரிப்புகை: @ஒற்றைக்குழல் கேஜ் வைத்தீர்களா?