ஏடிஎஃப் (ஆட்டோ கியர்பாக்ஸ் ஆயில்) மாற்றினேன், டி (டிரைவ்) போட்டாலும் வண்டி உடனே நகரவில்லை – அவசர உதவி

பழையவண்டி: நேற்று ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை நானே மாற்றினேன். அதுவரை நன்றாக ஓடிய வண்டி. இன்று டி போட்டால் மூன்று விநாடி அப்படியே நிற்கிறது, அப்புறம் டொக்கென்று உதைத்துக் கிளம்புகிறது. ஆர் (ரிவர்ஸ்) போட்டாலும் இதே கதைதான். கியர்பாக்ஸ் போய்விட்டதா? நாளைக்கு வண்டி கட்டாயம் வேண்டும்.

ஸ்பானர்12: எந்த வண்டி, எந்த வருடம்? என்ன ஆயில்? எவ்வளவு வடிந்தது, எவ்வளவு ஊற்றினீர்கள்? ஃபில்டரையும் மாற்றினீர்களா?

எண்ணெய்க்கறை: ஓடித் தேய்ந்த கியர்பாக்ஸில் ஆயிலைத் தொடவே கூடாது. கிளட்ச் பிளேட் தேய்ந்த பொடி பழைய ஆயிலில் கலந்திருக்கும், பிடிமானமே அதனால்தான். புது ஆயில் ஊற்றினால் வழுக்கத்தான் செய்யும்.

நாலாம்கியர்: பொடியை நம்பி ஓடும் கியர்பாக்ஸ் ஏற்கெனவே செத்த கியர்பாக்ஸ், ஆயில்மேல் பழி போடாதீர்கள். பழையவண்டி, மேனுவலைத் திறந்து பார்க்காமலே வேலையில் இறங்கிவிட்டீர்கள். இதைப் பல தடவை எழுதியாகிவிட்டது. லெவலை எப்படிப் பார்த்தீர்கள்?

பழையவண்டி: மன்னிக்கவும். 2003 டொயோட்டா கொரோலா. டைப் டி-4 (T-IV) ஆயில்தான். ஃபில்டரை மாற்றவில்லை, வடிபிளக்கை மட்டும் கழற்றினேன். வடிந்ததை அளக்கவில்லை. காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பார்த்தேன், சரியாக இருந்தது.

ஸ்பானர்12: அங்கேதான் தவறு. இன்ஜின் நின்றால் டார்க் கன்வர்ட்டரில் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) இருக்கும் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவிடும், டிப்ஸ்டிக்கில் லெவல் ஏறித் தெரியும். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் ஏறத் தாமதமாகும். உங்கள் மூன்று விநாடி அதுதான்.

சிவப்புத்துளி: என் ஹோண்டாவில் சூடாக்கி, இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் பார்க்கவேண்டும். மேனுவலிலேயே இருக்கிறது.

நாலாம்கியர்: அது ஹோண்டா, இது டொயோட்டா.

சிவப்புத்துளி: எல்லா வண்டிக்கும் ஒரே முறை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் சொன்னேன். அதற்கு இவ்வளவு கோபம் தேவையில்லை.

எண்ணெய்க்கறை: மெஷின் வைத்துப் பழைய ஆயிலை முழுசாக வெளியே தள்ளி ஃப்ளஷ் பண்ணியிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

நாலாம்கியர்: இப்போதுதானே தொடவே கூடாது என்றீர்கள்? வடித்து ஊற்றினால் பாதி ஆயில்கூட மாறாது, மிச்சம் கன்வர்ட்டரிலேயே தங்கிவிடும். பழைய வண்டிக்கு அதுவே நல்லது. கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு இன்னும் இரண்டு தடவை அதே மாதிரி மாற்றலாம்.

ஸ்பானர்12: பழையவண்டி, லெவல் சரியாகும்வரை ரோட்டில் எடுக்காதீர்கள், கிளட்ச் எரிந்துவிடும். சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்தியபடி பி-யிலிருந்து (பார்க்) எல் (லோ) வரை எல்லா கியரிலும் சில விநாடி வைத்து, திரும்பப் பி-க்கு வாருங்கள். இன்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். ஆயில் ஆறியிருந்தால் 'கூல்' கோடு, நன்றாகச் சூடேறியபின் 'ஹாட்' கோடு. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அதிகமானாலும் நுரைத்து இதே தொல்லை வரும். ஆயிலில் தீய்ந்த நாற்றம் உண்டா?

பழையவண்டி: நாற்றம் இல்லை. இன்ஜின் ஓடும்போது பார்த்தால் டிப்ஸ்டிக் நுனியில்கூட ஆயில் படவில்லை. ஒரு லிட்டருக்கு மேலேயே வாங்கிக்கொண்டது. இப்போது டி போட்டதும் நகர்கிறது. நன்றி ஸ்பானர்.

சிவப்புத்துளி: நாலாம்கியர், ஹோண்டா மேனுவலைப் பார்த்தீர்களா?